கார் ஷெட்டில் ஒரு கடைசல் பட்டறை

காட்பாடி கழிஞ்சூரில் எங்கள் வீட்டை ஒட்டிப் பத்துக்குப் பதினாறு அடியில் ஒரு கார் ஷெட் இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 27 வருஷம் டர்னராக, அதாவது கடைசல் மிஷினான லேத்தில் இரும்பைக் கடைகிறவனாக, இருந்துவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தபோது, அந்த இடத்தில் ஒரு லேத் போட்டே தீருவது என்று முடிவு செய்தேன். இப்போது அங்கே நாலரை அடி பெட் (மிஷினின் நீளமான அடிப்படுகை) உள்ள லேத் ஒன்று மூன்று பேஸ் கரண்டில் ஓடுகிறது. போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், கரும்பு ஜூஸ் மிஷின் ரோலர், குடியாத்தம் பக்கத்துப் பவர்லூம் புஷ் என்று வேலையும் வருகிறது. இதே மாதிரி எங்கள் வீட்டிலும் போடணும் என்று வருகிற தம்பிகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த லேத் வாங்கலாம், என்ன விலை ஆகும். நான் திருப்பிக் கேட்பது, தரை என்ன போட்டிருக்கிறீர்கள், எர்த் எங்கே இருக்கிறது. லேத்தைப் பார்த்தால் அசையாத இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் நான்கு காலில் ஒரு கால் அரை மில்லி தூக்கி நின்றால் போதும், அந்த வார்ப்பிரும்புப் பெட்டே முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பெட்டில் எவ்வளவு கைதேர்ந்த டர்னர் நின்றாலும் ஷாஃப்ட் ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் இளைத்துத்தான் வரும். எர்த் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கீழிருந்து மேலே போவோம்.

வேலையின் வரிசை

கரண்டுக்கு விண்ணப்பம் கொடுப்பதுதான் முதல் வேலை, ஏனென்றால் அது நம் கையில் இல்லாத வேலை. அடுத்து மிஷினைப் பார்த்து முடிவு செய்து முன்பணம் கொடுங்கள். ஆனால் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒரு பெரிய அட்டையில் அதன் கால் ஓட்டைகளை அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த அட்டையை வைத்துத்தான் தரை போட வேண்டும். தரை போட்டு ஒரு மாதம் ஆன பிறகு மிஷின் வரட்டும்.

பழைய மிஷின் வாங்கும்போது

நான் வாங்கியது வாலாஜாபேட்டையில் மூடிய ஒரு பட்டறையின் பெல்ட் லேத். வேகத்தை மாற்றக் கோன் புல்லி, பேக் கியர், எடை சுமார் 450 கிலோ. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். சக்குக்கு (கடைகிற இரும்பைப் பிடித்துச் சுற்றும் பிடி) முன்னால் ஓர் அடி தூரத்தில் பெட்டின் மேல் விரல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுங்கள். எல்லா வேலையும் அந்த ஓர் அடியில்தான் நடந்திருக்கும், தேய்மானமும் அங்கேதான். நகம் ஒரு படியில் தட்டினால் பெட் தேய்ந்திருக்கிறது. பிறகு சாடிலை (வெட்டும் டூலைத் தாங்கிப் பெட் மேல் நகரும் பாகம்) சக்குப் பக்கம் கொண்டுவந்து, ஆடாத அளவுக்கு ஜிப்பை (அதன் ஆட்டத்தை இறுக்கும் பட்டை) இறுக்கி, டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர் முனையில் இருக்கும் முட்டு) பக்கம் நகர்த்திப் பாருங்கள். பாதியில் இறுகி நின்றால் இரண்டு பக்கத்துக்கும் தேய்மான வித்தியாசம் அவ்வளவு.

சக்கைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலைப் பார்க்க, சக்கில் ஒரு கட்டைக் கம்பியைப் பிடித்து, ஸ்பிண்டில் மூக்கின் மேல் டயலை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்துக் கம்பியைத் தூக்கி அமுக்குங்கள். முள் ஒன்றிரண்டு டிவிஷன் ஆடினால் பரவாயில்லை, பேரிங்கைச் சரிசெய்யலாம். ஐந்தாறு ஆடினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கடைசியாக, சேஞ்ச் கியர்கள் (மரை வெட்ட மாற்றி மாட்டும் பல்சக்கரங்கள்) எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பழைய பட்டறைகளில் அவைதான் முதலில் காணாமல் போகும். இஞ்ச் லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது சாடிலை இழுக்கும் மரைத்தண்டு) உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். அது இருந்தால் பெரிய லாபம்.

தரை

எங்கள் ஷெட்டில் முன்பு இருந்தது ஜல்லி கொட்டி மேலே சிமென்ட் பூசிய மூன்று அங்குலத் தரை. சைக்கிள் நிறுத்தலாம், லேத் நிற்காது. லேத் வரும் இடத்தில் மட்டும் ஆறரை அடி நீளம், மூன்றடி அகலத்துக்கு உடைத்து எடுத்தேன். கீழே மண்ணை ஈரப்படுத்தித் திமிசு போட்டு இடித்து, எட்டு அங்குல கனத்துக்குக் கான்கிரீட் போட்டேன். சிமென்ட், மணல், ஜல்லி விகிதம் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று, அதாவது எம்20 கலவை. பத்து மில்லி கம்பி, எட்டு அங்குலத்துக்கு ஒன்று, குறுக்கும் நெடுக்கும். பாலாற்று மணல் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய காலம் போய்விட்டது. நான் போட்டது எம்-சாண்ட்தான், நன்றாகவே நிற்கிறது.

இந்த மேடை சுற்றியுள்ள தரையோடு ஒட்டக் கூடாது. சுற்றிலும் அரை அங்குல தெர்மோகோல் வைத்துப் பிரித்துவிடுங்கள். வீட்டுச் சுவருக்கு அதிர்வு போகாது. வெளியே லாரி போகும் அதிர்வும் மிஷினுக்கு வராது. அட்டையில் குறித்த இடங்களில் நாலு அங்குலச் சதுரத்துக்குக் குழி விட வேண்டும், ஃபவுண்டேஷன் போல்ட் பிற்பாடு அதில்தான் இறங்கும். மரக்கட்டையைப் பழைய ஆயில் தடவி அந்த இடத்தில் நிறுத்தி வைத்தால் மறுநாள் ஆட்டி எடுத்துவிடலாம்.

நான் கான்கிரீட் போட்டது சித்திரைக் கடைசியில், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். காலையில் போட்ட கான்கிரீட் மதியத்துக்குள் வெளுத்துப் போகும். அப்படியே விட்டால் மேலே பொடியாக உதிரும். சாக்கை நனைத்து மேலே விரித்து, காலை, மதியம், மாலை தண்ணீர் தெளித்தோம். ஏழு நாள் கட்டாயம், பதினாலு நாள் நல்லது. கான்கிரீட் தன் முழு பலத்துக்கு வர 28 நாள். அதற்கு முன் மிஷினை ஏற்றாதீர்கள்.

இடத்தைக் குறிக்கும்போது இன்னும் இரண்டு விஷயம். மிஷினுக்குப் பின்னால் சுவரிலிருந்து இரண்டடியாவது விடுங்கள்; மோட்டாருக்குப் போகவும், இரும்புச் சுருளை வாரவும் ஆள் நுழைய வேண்டும். ஹெட் ஸ்டாக் (ஸ்பிண்டிலும் சக்கும் இருக்கும் தலைப்பகுதி) பக்கச் சுவரில், ஸ்பிண்டில் துளைக்கு நேராக, நான் நாலு அங்குல பைப் ஒன்றைப் பதித்து ஓட்டை விட்டிருக்கிறேன். நீளமான கம்பியை வெட்டாமலே உள்ளே நுழைத்துக் கடையலாம். அப்படி வெளியே நீட்டும் கம்பிக்கு வெளிப்பக்கம் தாங்கு கட்டாயம் வைக்க வேண்டும். தாங்கு இல்லாமல் வேகமாகச் சுற்றினால் கம்பி வளைந்து சாட்டை போல அடிக்கும், அருகில் நிற்பவரைக் கொன்றுவிடும்.

கரண்ட்

வீட்டுக்கு வரும் ஒற்றைப் பேஸ் 230 வோல்ட். 2 எச்.பி. ஒற்றைப் பேஸ் மோட்டார் ஓடும்போது 11 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. வீட்டு விளக்கெல்லாம் ஒரு கணம் மங்கும். அதே 2 எச்.பி. மூன்று பேஸில், 415 வோல்ட்டில், ஒரு பேஸுக்கு 3.3 ஆம்பியர்தான். கெப்பாசிட்டர் கிடையாது, உள்ளே தேய்கிற சுவிட்ச் கிடையாது. வேலையின் தரத்திலும் வித்தியாசம் தெரியும். ஒற்றைப் பேஸ் மோட்டாரின் இழுவை நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மெல்லிய ஃபினிஷிங் கட் எடுக்கும்போது அந்தத் துடிப்பு வேலையின் மேல் வரி வரியாக விழும். மூன்று பேஸ் மோட்டார் ஒரே சீராக இழுக்கும்.

சொந்தப் பழக்கத்துக்காக மட்டும் லேத் போடுகிறீர்கள், மூன்று பேஸ் இணைப்பு வேண்டாம் என்றால் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின் கருவி) வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட் ஒற்றைப் பேஸை வாங்கி, அதே 230 வோல்ட்டை மூன்று பேஸாகக் கொடுக்கும். மோட்டார் காயில்களைச் சேர்த்துக் கட்டும் முறை ஸ்டார், டெல்டா என்று இரண்டு; 415 வோல்ட் ஸ்டாரில் கட்டிய மோட்டாரை அப்படியே அதில் மாட்டினால் வலு இருக்காது. ஆறு முனைகளும் வெளியே வருகிறதா என்று பார்த்து டெல்டாவில் மாற்றிக் கட்ட வேண்டும். 2 எச்.பி.க்கு அது உள்ளே இழுப்பது 15 ஆம்பியர் பக்கம் வரும். மெயினிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் இழுங்கள், சமையலறை பிளக்கில் செருகாதீர்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் எதுவும் வைக்காதீர்கள். சக் மரையில் ஏறும் பழைய லேத்தாக இருந்தால், வி.எஃப்.டி.யில் நிற்கும் நேரத்தை நாலைந்து நொடிக்குக் குறையாமல் வையுங்கள். சட்டென்று பிரேக் பிடித்தால் ஸ்பிண்டில் நிற்கும், சக் தன் வேகத்தில் கழன்றுகொண்டு வெளியே வரும். ரிவர்ஸில் வேகமாக ஓட்டினாலும் அதே ஆபத்துதான்.

நான் கூலிக்கு வேலை எடுப்பதால் தனி இணைப்பு வாங்கினேன். இதில் யாரும் ஏமாற நினைக்க வேண்டாம். வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அது அனுமதியில்லாத பயன்பாடு. உரிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு போட்டுக் கட்டச் சொல்வார்கள். குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு 12 கிலோவாட் வரை 3ஏ1 என்ற குறைந்த விகிதம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் உங்கள் பிரிவு அலுவலகத்தில் உங்கள் வேலை அதில் வருமா என்று கேளுங்கள். லோடு கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். 1 எச்.பி. என்பது 746 வாட். லேத் 2 எச்.பி. ஒன்றரை கிலோவாட், பில்லர் டிரில்லிங் அரை எச்.பி., கிரைண்டர் அரை எச்.பி., விளக்கு, ஃபேன், பிற்காலத்தில் ஒரு சின்ன வெல்டிங் செட். நான் 5 கிலோவாட் கேட்டேன்.

மீட்டர் வீட்டு முகப்பில் இருக்கிறது, ஷெட் பின்னால் 18 மீட்டர் தள்ளி. நாலு கோர் 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஆர்மர்டு கேபிளை இரண்டரை அடி ஆழத்தில், மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கிப் புதைத்தோம். நாளைக்கு யாராவது தென்னங்கன்று நடக் கடப்பாரை போட்டால் முதலில் செங்கல் தட்டும். ஷெட்டுக்குள் 16 ஆம்பியர் சி டைப் நாலு போல் எம்.சி.பி. (கரண்ட் மீறினால் தானே விழும் சுவிட்ச்), அதற்குப் பிறகு டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரே லைனில் ஓட்டும் பட்டன் ஸ்டார்ட்டர்). ஓவர்லோடு ரிலேயை (மோட்டார் அளவுக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிடுவது) மோட்டார் பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு வையுங்கள், அதற்கு மேல் ஏற்றாதீர்கள். சும்மா திருகும் சுவிட்சில் லேத்தை மாட்டக் கூடாது. கரண்ட் போய்விடும், நீங்கள் சக்கில் சாவியைப் போட்டு வேலையைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள், கரண்ட் வரும். பட்டன் ஸ்டார்ட்டரில் கரண்ட் போனதும் காண்டாக்டர் (ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) விழுந்துவிடும். பச்சை பட்டனை மறுபடி அமுக்கினால்தான் ஓடும். சிவப்புக் காளான் பட்டன் ஒன்றை இடது முழங்காலுக்கு நேராக வைத்திருக்கிறேன். இரண்டு கையும் மாட்டிக்கொண்டாலும் காலால் இடித்து நிறுத்தலாம்.

இத்தனையும் செய்த நான் ஒன்றை விட்டுவிட்டேன், அதற்கு ஒரு மோட்டாரைக் கொடுத்தேன். ஆடி மாதம், காற்று பலமாக இருந்த ஒரு சாயங்காலம். ஒரு போர்வெல் ஷாஃப்டை ரஃப் கட் எடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தம் மாறியது. வழக்கமான இரைச்சல் போய் அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம், வேகம் லேசாகக் குறைந்தது. டூல் மழுங்கிவிட்டது என்று நினைத்து, கழற்றிச் சாணை பிடித்துக்கொண்டு வந்து மறுபடி போட்டேன். அதற்குள் வார்னிஷ் கருகும் வாசனை. ரீவைண்டிங் கடையில் பிரித்தபோது அந்தப் பையன் காயிலைக் காட்டினான். மூன்று செட்டில் இரண்டு கரிக்கட்டை, ஒன்று மட்டும் புத்தம்புதுசாகச் செம்பு நிறத்தில். "ஒரு பேஸ் பூட்ச்சிணா. ரெண்டுலயே இழுத்துக்கினு கீது. ஸ்டார்ல கட்டுன மோட்டாரு இப்டித்தான் போவும்" என்றான். கட்-அவுட்டில் ஒரு ஃப்யூஸ் போயிருந்தது. ஒரு பேஸ் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மீதி இரண்டில் கூடுதலாக இழுத்து எரியும். ஓவர்லோடு ரிலே காப்பாற்றியிருக்க வேண்டும், நான் அதை ஆம்பியருக்கு மேல் ஏற்றி வைத்திருந்தேன். மேலே நான் அதை அழுத்திச் சொல்வது அதனால்தான். ரீவைண்டிங் கூலியில் சிறு பங்குக்கு ஒரு பேஸ் ஃபெயிலியர் ரிலே கிடைக்கும். ஒரு பேஸ் போனாலும், பேஸ் வரிசை மாறினாலும் காண்டாக்டரை விழவைக்கும். முதல் நாளே மாட்டுங்கள்.

எர்த்

வயரிங் செய்தது என் மனைவியின் தம்பி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். மூன்று பேஸ் வேலையை அப்படிப்பட்டவர் கையில்தான் கொடுக்க வேண்டும்; கரண்ட் இணைப்புக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டும் அவர்தான் தர வேண்டும். எர்த் குழி இரண்டு என்று சொன்னான். ஒரு குழி தோண்டவே நாலடிக்குக் கீழே சுக்காம்பாறை, கடப்பாரை தெறிக்கிறது.

"ஒண்ணு போதாதாப்பா?"

"போதாது மாமா. மோட்டார் பாடிக்கு ரெண்டு எர்த்து தனித்தனியா வரணும், அது ரூல்ஸு. ஒண்ணு அந்துபோனா இன்னொண்ணு நிக்கும். உனுக்குன்னா விட்றலாம், நாளிக்கு பேரப் பையன் வந்து மிஷினத் தொடுவான் இல்ல?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பத்தடி இடைவெளியில் இரண்டு குழி. 40 மில்லி ஜி.ஐ. பைப், இரண்டரை மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி அடுக்கு. ஒவ்வொரு குழியிலிருந்தும் 8 கேஜ் ஜி.ஐ. ஒயர் தனியாக வந்து, ஒன்று மோட்டார் பாடியின் ஒரு போல்ட்டிலும், இன்னொன்று வேறு போல்ட்டிலும் சேர்கிறது. லேத் பாடிக்கும் அங்கிருந்தே இணைப்பு. பெயின்ட் மேல் முறுக்கினால் எர்த் ஆகாது, சுரண்டி இரும்பு தெரியும் இடத்தில் வாஷர் போட்டு இறுக்க வேண்டும்.

எர்த் டெஸ்டரில் மே மாதம் பார்த்தபோது 11 ஓம் காட்டியது. நம் ஊர் மண் கோடையில் காய்ந்துபோகும், பாறை மண் என்றால் இன்னும் மோசம். நாலு நாள் குழிக்குத் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது 4க்கு வந்தது. அதிலிருந்து பங்குனி, சித்திரை, வைகாசியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் குழிக்குப் போகிறது. துளசி மாடத்துக்கு ஊற்றும்போதே என் மனைவி அதற்கும் ஊற்றிவிடுகிறாள்.

மிஷினை இறக்குவது

குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்தோம். ஏற்றும் முன் சக்கையும் டெயில் ஸ்டாக்கையும் கழற்றிவிடுங்கள், கனம் குறையும். சாடிலைக் கடைசிக்குத் தள்ளிப் பூட்டுங்கள், ஏனென்றால் ஹெட் ஸ்டாக் பக்கம்தான் பளு. முக்காலி நிறுத்தி செயின் பிளாக்கில் தூக்கி இறக்கினோம். தூக்கும் நாடா பெட்டைச் சுற்றி வர வேண்டும். லீட் ஸ்குரூவில் பட்டால் வளைந்துவிடும், நடுவில் கட்டை வைத்து ஒதுக்குங்கள். தரையில் இறங்கிய பிறகு ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப் துண்டுகள் நாலைக் கீழே போட்டு, பின்னால் வெளிவரும் பைப்பை முன்னால் போட்டுக்கொண்டே உருட்டினோம். லேத்தை மேலே பிடித்துத் தள்ளவே கூடாது. தலை கனம், கால் குறுகல். சாய ஆரம்பித்தால் நாலு ஆள் பிடித்தும் நிற்காது. சாய்ந்தால் எட்டி நில்லுங்கள், பிடிக்கப் போகாதீர்கள்.

மட்டம் பார்ப்பது

போல்ட்டுகளைக் குழியில் தொங்கவிட்டு, கால்களுக்குக் கீழே தகடு வைத்து ஓரளவு மட்டமாக்கி, ஒன்றுக்கு ஒன்று சிமென்ட் கலவை ஊற்றுங்கள். ஏழு நாள் விடுங்கள். நட்டை இறுக்காதீர்கள்.

கொத்தனார் ரசமட்டம் இந்த வேலைக்குப் போதாது. ஒரு மீட்டருக்கு 0.02 மில்லி சாய்வைக் காட்டும் மிஷின் லெவல் வேண்டும். பழைய கம்பெனி நண்பரிடம் ஒரு நாளைக்கு வாங்கி வந்தேன். பெட்டின் குறுக்கே, ஹெட் ஸ்டாக் பக்கம் ஒரு முறை, டெயில் ஸ்டாக் பக்கம் ஒரு முறை வையுங்கள். இரண்டு இடத்திலும் குமிழ் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். முழு மிஷினும் லேசாகச் சாய்ந்திருந்தால் பாதகமில்லை. ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை மறுபக்கமும் சாய்வதுதான் முறுக்கு. நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்கி, ஒவ்வொரு முறையும் குமிழைப் பாருங்கள். இறுக்கும்போது குமிழ் நகர்ந்தால் அந்தக் காலுக்குக் கீழே இடைவெளி இருக்கிறது, தகடு சேருங்கள்.

லெவல் கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, லேத்தே சொல்லும். 40 மில்லி கம்பி ஒன்றை சக்கில் இறுக்கிப் பிடித்து, 200 மில்லி வெளியே நீட்டுங்கள். டெயில் ஸ்டாக் முட்டுக் கொடுக்கக் கூடாது. நடுப்பகுதியைக் கொஞ்சம் ஒடுக்கி, சக்கருகில் ஒரு வளையம், நுனியில் ஒரு வளையம் விடுங்கள். டூலை நன்றாகத் தீட்டி, டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், ஒரே அளவில் இரண்டு வளையத்தின் மேலும் மிக மெல்லிய கட் எடுங்கள். பஞ்சு மாதிரி சுருள் வர வேண்டும். ஆறவிட்டு மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். 40 மில்லி இரும்பு 50 டிகிரி சூடேறினாலே 0.02 மில்லி பெருத்துக் காட்டும், நாம் தேடுவதே அந்த 0.02தான்.

நுனி வளையம் பெரிதாக இருந்தால், டெயில் ஸ்டாக் பக்கத்து முன்கால், அதாவது நாம் நிற்கும் பக்கத்துக் கால், கொஞ்சம் உயர வேண்டும். நுனி சிறிதாக இருந்தால் பின்கால் உயர வேண்டும். எனக்கு முதலில் நுனி 0.05 பெரிதாக வந்தது. டீ டம்ளர் பக்கத்தில் ஆறிப்போய்க் கிடக்க, முன்காலுக்குக் கீழே ஒரு ஷிம் தகடு, மறுபடி கட், மறுபடி ஆறவிட்டு அளவு. நாலாவது முறை இரண்டு வளையமும் 38.42, 38.42 என்று நின்றது. மைக்ரோமீட்டரின் ராட்செட்டை மூன்று முறை தட்டிப் பார்த்தேன், மாறவில்லை. 27 வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் அளவு பார்த்திருக்கிறேன், அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரம், பிறகு ஒரு மாதம், பிறகு மழைக்காலம் முடிந்து ஒரு முறை என்று இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். புதுத் தரை கொஞ்சம் அமரும்.

முதல் ஓட்டம்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு நொடி ஓட்டித் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் மூன்றில் ஏதாவது இரண்டு பேஸை மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும். பிறகு பெல்ட் போட்டு, எல்லா எண்ணெய்க் குழியிலும் ஆயில் விட்டு, குறைந்த வேகத்தில் இருபது நிமிஷம் வெறுமனே ஓடட்டும். பேரிங் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கையை எடுக்கிற சூடு இருந்தால் நிறுத்திப் பாருங்கள். வேகக் கணக்குக்கு, சாதா இரும்பை எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் நிமிஷத்துக்கு 30 மீட்டர் என்று எடுத்தால் 40 மில்லி கம்பிக்கு 240 சுற்று பக்கம் வரும்.

விளக்கில் கவனம் வேண்டும். சோக் போட்ட ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். நாலு ஜா (தாடை) சக் 1500 சுற்றில் ஓடினால் அந்த வெளிச்சத்தில் சக் நிற்பது போலவே தெரியும், கை வைத்துவிடுவோம். மூன்று பேஸ் இருக்கிறது அல்லவா, மூன்று விளக்கை மூன்று பேஸில் பிரித்துப் போட்டால் இந்தக் கண்கட்டு போய்விடும். டூல் பக்கத்தில் வளைகிற தண்டில் ஒரு குண்டு பல்பும் வையுங்கள்.

லேத் முன் கையுறை கூடாது. துண்டு, லுங்கி, தொங்குகிற சட்டைக் கை, மோதிரம் எதுவும் கூடாது. சோளிங்கர் போய் வந்து கையில் கட்டிய கயிறாக இருந்தாலும் கழற்றி, ஷெட் வாசலில் ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. சக் சாவி கையில் இருக்கலாம், பலகையில் இருக்கலாம், சக்கில் மட்டும் இருக்கவே கூடாது. சுருளைக் கொக்கியால் இழுங்கள், விரலால் இழுத்தால் எலும்பு வரை அறுக்கும். நிற்கும் இடத்தில் ஒரு மரப்பலகை போடுங்கள், முட்டி வலிக்காது, சிமென்ட் ஈரமும் காலில் ஏறாது. அக்கம்பக்கத்துக்காக ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் ஓட்டுவதில்லை.

ஐப்பசி மழை தொடங்கினால் துரு. சாயங்காலம் சுருளைக் கூட்டி, பெட்டைத் துடைத்து, 68ஆம் நம்பர் ஆயிலை மெல்லப் பூசிவிட வேண்டும். மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் உள்ளே வேர்த்து, காலையில் பெட் முழுக்கச் செம்புள்ளி இருக்கும். பருத்தித் துணி போர்த்துங்கள். எங்கள் லேத்துக்குப் போர்த்தியிருப்பது மனைவியின் பழைய சுங்குடிப் புடவை, நாலாக மடித்தது. ஆயில் ஊறி ஊறி இப்போது மழுமழுவென்று ஆகிவிட்டது, மடிப்பைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து அப்படியே போடுகிறேன்.